கடலில் எண்ணெய் கொட்டினால் முதல் போன் யாருக்கு?

2017 ஜனவரி 28, சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிவாக்கில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ ஒன்று. பெட்ரோலியப் பொருள் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’ மற்றொன்று. உயிர்ச்சேதம் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில்தான் துறைமுகத்தின் முதல் அறிக்கை இருந்தது. ஆனால் ஓரிரு நாளில் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே கன்னங்கரேலென்று எண்ணெய் தேங்கி நின்றது. அது சரக்கு எண்ணெய் இல்லை. கப்பல் ஓடுவதற்காகத் தொட்டியில் வைத்திருந்த ஃபர்னஸ் ஆயில். ஒரு வாரத்துக்குள் திருவொற்றியூர், மெரினா, பெசன்ட் நகர் தாண்டி நீலாங்கரைப் பக்கம் வரை அதன் தடம் போய்விட்டது.

அந்த நாட்களில் பலரும் கேட்ட கேள்வி இதுதான்: இவ்வளவு பெரிய துறைமுகம், பக்கத்திலேயே கடலோரக் காவல் படை, மாநகராட்சி, வாரியங்கள் எல்லாம் இருந்தும் ஏன் வாளியும் மக்கும் வைத்து அள்ளுகிறார்கள்? கருவி இல்லை என்பது பாதி பதில். மீதிப் பாதி, எண்ணெய் கொட்டியதும் எந்தத் துறை எதைச் செய்ய வேண்டும், யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்பதில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தியாவில் இதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் எதிர்கொள்ளும் திட்டம் என்று பெயர். 1993இல் மத்திய அரசுச் செயலர்கள் குழு ஒப்புதல் தந்தது. 1996இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு திருத்தப்பட்டும் இருக்கிறது. இதன்படி நாட்டுக்கே ஒருங்கிணைப்பாளர் இந்தியக் கடலோரக் காவல் படை. இது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ஆயுதப்படை. தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் செய்தி எழுதுபவர்கள் இன்றைக்கும் உண்டு. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் கடலோரக் காவல் படைக்கு மாசு அகற்றும் மையங்கள் உள்ளன. இந்த வேலைக்கென்றே கட்டப்பட்ட ‘சமுத்ர பிரஹரி’, ‘சமுத்ர பஹரேதார்’, ‘சமுத்ர பாவக்’ போன்ற கப்பல்களும் இருக்கின்றன.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர் என்றாலும் வேலை ஒருவருடையது இல்லை. திட்டம் தண்ணீரைக் கூறு போட்டிருக்கிறது. துறைமுக எல்லைக்குள் கொட்டினால் துறைமுகம் பொறுப்பு. கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடையைச் சுற்றி 500 மீட்டருக்குள் என்றால் அந்த எண்ணெய் நிறுவனம். அதற்கு வெளியே திறந்த கடலில் கடலோரக் காவல் படை. கரையைத் தொட்டுவிட்டால் மாநில அரசு. மாநிலத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட ஆட்சியர், மீன்வளத் துறை, வனத்துறை, உள்ளாட்சி என்று அது மறுபடி பிரிகிறது.

காகிதத்தில் இது சரியான பிரிவினைதான். துறைமுகத்துக்குத் தன் வாசலைத் தெரியும். மாநிலத்துக்குத் தன் குப்பங்களைத் தெரியும். சிக்கல் என்னவென்றால், எண்ணெய் எந்தக் கோட்டிலும் நிற்பதில்லை. காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதமும் அதோடு நீரோட்டத்தின் முழு வேகமும் சேர்ந்து அதை இழுத்துக்கொண்டு போகும். காலையில் துறைமுக எல்லையில் இருந்தது மதியம் கடலோரக் காவல் படையின் தண்ணீரில் இருக்கும். மறுநாள் விடியும்போது ஆட்சியரின் கரையில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் பொறுப்பு கை மாற வேண்டும். கொடுக்கிறவருக்கு அவசரம், வாங்குகிறவருக்குத் தயக்கம். போகும் மணிநேரமெல்லாம் இந்தக் கைமாற்றத்தில்தான் போகிறது.

அடுத்து, அளவு. 700 டன் வரையான கசிவு முதல் நிலை; அதை அந்தந்தத் துறைமுகமோ நிறுவனமோ தன் கருவிகளை வைத்தே சமாளிக்க வேண்டும். 700 முதல் 10,000 டன் வரை இரண்டாம் நிலை. பக்கத்துத் துறைமுகங்களிடமும் கடலோரக் காவல் படையிடமும் உதவி வாங்கலாம். அதற்கு மேல் போனால் மூன்றாம் நிலை. நாடு முழுவதிலிருந்தும், தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்தும் ஆளும் கருவியும் வர வேண்டும். 2020இல் இலங்கையின் கிழக்குக் கடலில் ‘நியூ டயமண்ட்’ கப்பல் தீப்பிடித்தபோதும், 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ எரிந்தபோதும் இந்தியக் கடலோரக் காவல் படையின் கப்பல்கள் அங்கே போனது இப்படிப்பட்ட அயலவர் உதவிதான்.

எண்ணூரில் கொட்டியதாகப் பின்னர் மதிப்பிட்டது 200 டன் அளவில்தான். நிலைக் கணக்குப்படி பார்த்தால் அது முதல் நிலை. துறைமுகமே பார்த்துக்கொள்ள வேண்டிய சின்ன விவகாரம். நடந்தது என்ன? சென்னைக் கடற்கரையின் பெரும்பகுதி பாழானது. மீன் வியாபாரம் படுத்தது. ஆயிரக்கணக்கானோர் கையால் அள்ளினார்கள். டன்னை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தேவையில்லை. திறந்த கடலில் 200 டன் லேசான டீசல் கொட்டினால் பெரும்பகுதி ஆவியாகியும் கலைந்தும் போய்விடும். குடியிருப்பை ஒட்டிய கற்கரையில் 200 டன் ஃபர்னஸ் ஆயில் ஒதுங்கினால் அது மாதக்கணக்கில் இருக்கும். என்ன எண்ணெய், எந்த இடம், எந்தக் காற்று என்ற மூன்றும் சேர்ந்துதான் நிலையைத் தீர்மானிக்க வேண்டும்.

அளவு பற்றிய முதல் தகவல் எப்போதும் குறைவாகவே வருகிறது. இது நம் ஊர்க் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலடிக் கிணறு 87 நாள் கொட்டியது. நாளைக்கு 1,000 பீப்பாய் என்று முதலில் சொன்னார்கள். சில நாளில் அது 5,000 ஆனது. கடைசியில் அரசு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டபோது தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 பீப்பாய்க்கும் மேல் வந்திருக்கிறது என்று தெரிந்தது. எத்தனை படகு, எத்தனை ஆள், எவ்வளவு தொட்டி என்று முடிவெடுப்பதெல்லாம் அந்த முதல் எண்ணை வைத்துத்தான். அது தப்பானால் அதன்மேல் கட்டிய எல்லாமே சிறியதாகத்தான் இருக்கும். சொல்பவருக்குக் குறைத்துச் சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும்: வழக்கு, அபராதம், பங்குச்சந்தை, மேலதிகாரி. அதனால்தான் கொட்டியவர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பாமல் விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் தனியாக ஒரு மதிப்பீடு எடுக்க வேண்டும் என்கிறார்கள். எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருக்கிறது. 2017இலும் அது கணித்துச் சொன்னது. கணிப்பு வருவது ஒன்று, அதைக் கேட்டு நீலாங்கரையில் முன்னேற்பாடு நடப்பது இன்னொன்று.

இப்போது கருவிகளுக்கு வருவோம். ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது இங்கேதான் கண்ணில் படும்.

எண்ணெயைக் கடலில் பிடிக்க முதலில் வேண்டியது மிதவை அரண். தொழிலில் ‘பூம்’ என்பார்கள். மேலே மிதவை, கீழே பாவாடை மாதிரித் தொங்கும் துணி. அதைப் படகால் இழுத்து வளைத்து எண்ணெயை ஒரு மூலைக்குத் தள்ள வேண்டும். நீரோட்டத்தின் வேகம் ஒரு ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவை நெருங்கினாலே எண்ணெய் அடியில் நழுவிவிடும். அலை பெரிதானால் மேலே தாவிவிடும். அப்படிக் குவித்த எண்ணெயை எடுக்க ‘ஸ்கிம்மர்’. அது எடுத்ததை ஊற்ற ஒரு தொட்டி. தொட்டி நிறைந்ததும் கரைக்குக் கொண்டுவரப் படகு. கரையில் உறிஞ்சி ஏற்ற லாரி. லாரி போய்க் கொட்ட ஓர் இடம். கொட்டுவதற்கு ஓர் அனுமதி, ஏனென்றால் சட்டப்படி அது அபாயகரமான கழிவு.

இதில் பூம் துறைமுகத்தினுடையது. ஸ்கிம்மர் கடலோரக் காவல் படையினுடையதாக இருக்கலாம். படகு மீனவருடையது. உறிஞ்சும் லாரி குடிநீர் வாரியத்தினுடையது. ஆட்கள் மாநகராட்சியின் ஆட்கள். கழிவைக் கொட்ட அனுமதி தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சாலையை ஒழுங்கு செய்வது காவல்துறை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எல்லாம் நிற்கும். கழிவை எங்கே கொட்டுவது என்று முடிவாகாவிட்டால் லாரி காலியாகாது. லாரி வராவிட்டால் தொட்டி காலியாகாது. தொட்டி நிறைந்துவிட்டால் கோடி ரூபாய் ஸ்கிம்மர் சும்மா கிடக்கும். இத்தனைக்கும் மீனவரைத் தவிர்த்த இந்த அமைப்புகள் வெவ்வேறு மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்பவை. ஒன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், ஒன்று துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ், மற்றவை கோட்டையில் உள்ள துறைச் செயலர்களின் கீழ்.

எண்ணூரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஃபர்னஸ் ஆயில் கனமானது. அலையில் அடிபட்டுத் தண்ணீரைக் குடித்துக் குழம்பாகி, அளவில் மூன்று நான்கு மடங்கு ஊதிவிடும். அள்ளிய கழிவின் எடை கொட்டிய எண்ணெயின் எடையைவிட அதிகமாகக் காட்டுவது இதனால்தான்; மணலும் சேர்ந்துகொள்ளும். சாக்கடை அடைப்பு எடுக்கும் ‘சூப்பர் சக்கர்’ லாரிகளைக் கொண்டுவந்து குழாயை விட்டார்கள். குழாய் தண்ணீரை உறிஞ்சியது. கெட்டியான எண்ணெய் கற்களிலேயே நின்றது. கரையோரப் பாறைக்கும் ஆழமில்லாத தண்ணீருக்கும் கப்பலில் இருந்த கருவி பொருந்தவில்லை. அதற்கப்புறம்தான் வாளி. கடலோரக் காவல் படையினர், மீனவர்கள், மாநகராட்சித் தொழிலாளர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று வாளியைக் கை மாற்றினார்கள். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்களில் பலருக்குக் கையுறையும் முகமூடியும் இல்லை. ஃபர்னஸ் ஆயிலின் ஆவி தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் தரக்கூடியது; தோலில் பட்டால் கொப்புளம். தன்னார்வலர் வருவது நல்லதுதான். வருகிறவரின் பெயரை எழுதி, கையுறை கொடுத்து, இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிற்காதே என்று சொல்ல ஒரு மேஜை போடுவதும் ஒருங்கிணைப்பின் வேலை. ஸ்கிம்மர் வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

ஏன் ரசாயனம் தெளித்துக் கரைத்துவிடக் கூடாது என்று சிலர் கேட்பார்கள். கரைப்பான்கள் எண்ணெயைச் சிறு துளிகளாக்கித் தண்ணீருக்குள் அனுப்பும், அவ்வளவுதான். ஆழ்கடலில் அது பயன்படும். கரையோர ஆழமற்ற நீரில், இறால் குஞ்சு வளரும் இடத்தில், பார்வைக்கு மறையுமே தவிர விஷம் அங்கேயேதான் நிற்கும். அதனால் கடலோரக் காவல் படையின் அனுமதி இல்லாமல் யாரும் தெளிக்கக் கூடாது.

மேலே சொன்ன எல்லாம் கப்பலிலிருந்து கொட்டினால். கரையிலிருந்து கொட்டினால்?

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. மணலித் தொழிற்பேட்டையில் தேங்கிய வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்கு வந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் வீட்டுச் சுவர், படகு, வலை, அலையாத்தி மரங்களின் அடி, எல்லாவற்றிலும் கறுப்புப் பட்டை. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் எண்ணெயோடு நின்ற படங்கள் நாடு முழுக்கப் போயின. மணலியில் இருக்கும் மத்திய பொதுத்துறை நிறுவனமான சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் தன் ஆலையில் குழாய் உடைப்போ கசிவோ இல்லை என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த வளாகத்தைத்தான் கைகாட்டியது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கை எடுத்துக்கொண்டது.

இங்கேதான் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. தேசியத் திட்டம் கப்பலையும் கடலையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்த எண்ணெயோ ஆலை, வெள்ளம், கால்வாய், ஆறு, முகத்துவாரம், கடல் என்று வந்தது. ஆலை மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ். கால்வாயும் ஆறும் நீர்வளத் துறைக்கு. அலையாத்திக் காடு வனத்துறைக்கு. தென்கரை சென்னை மாநகராட்சிக்கு, வடகரை திருவள்ளூர் மாவட்டத்துக்கு. வெளியே கடல் கடலோரக் காவல் படைக்கு. ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்த கடலோரக் காவல் படை, சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்றது. அந்த வாரம் ஊரே வெள்ளத்தில் கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதிகாரிகளுக்குப் பால் பாக்கெட்டும் படகும்தான் முதல் கவலையாக இருந்திருக்கும். அது நியாயமே. ஆனால் நாட்கள் போனது அதனால் மட்டும் இல்லை. எண்ணெய் என்னுடையதில்லை என்று ஒருவர் சொல்லும்போது, யாருடையதாக இருந்தாலும் முதலில் அள்ளு, பிறகு வழக்காடு என்று உத்தரவிடும் அதிகாரம் தெளிவாக ஒரே ஆளிடம் இல்லை.

கடைசியில் அள்ளியது யார்? மறுபடியும் மீனவர்கள். ஃபைபர் படகில் போய், மக்கால் மோந்து டிரம்மில் ஊற்றினார்கள். மும்பையிலிருந்து தனியார் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பூமும் ஸ்கிம்மரும் கொண்டுவந்தார்கள். அது வருவதற்குள் எத்தனையோ ஓதம் ஏறி இறங்கிவிட்டது. முகத்துவாரத்தில் ஒவ்வொரு ஏற்றமும் எண்ணெயை உள்ளே தள்ளும், ஒவ்வொரு வற்றமும் வெளியே இழுக்கும். முதல் நாளே கால்வாயின் குறுக்கே நாலு இடத்தில் பூம் போட்டிருந்தால் வெள்ளத்தின் வேகத்தில் முழுதாக நின்றிருக்காது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு வந்ததையாவது தடுத்திருக்கலாம். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே அந்தப் பூம் முன்கூட்டியே இருப்பில் இருந்திருக்க வேண்டும். அது கடலோரக் காவல் படையின் வேலை இல்லை; ஆலைகளும் மாநிலமும் செய்ய வேண்டியது.

வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்க முறையைச் சொல்வது வழக்கம், ஏனென்றால் அவர்கள் அடிபட்டுத்தான் கற்றார்கள். 1989இல் அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டெஸ்’ கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. யார் தலைமை என்பதிலேயே குழப்பம். மறு ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டம் வந்தது. கலிபோர்னியாக் காட்டுத்தீக்களை அணைப்பதற்காக 1970களில் உருவாக்கிய கட்டளை முறையை எண்ணெய்க்கும் எடுத்துக்கொண்டார்கள். அதன் சாரம் எளிது. மத்திய அரசு, மாநில அரசு, கொட்டிய நிறுவனம் மூன்றும் ஒரே அறையில் உட்காரும். களவேலை, திட்டமிடல், பொருள் வழங்கல், கணக்கு என்று நான்கு பிரிவு. எந்தத் துறையிலிருந்து வந்தாலும் அந்தப் பிரிவின் தலைவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நாளைக்கு எந்தக் கரையில் யார், எந்தக் கருவியோடு என்ற ஒரு தாள் ஒவ்வொரு நாளும் எழுதப்படும். ஒத்துப்போகாத விஷயத்தில் கடைசிச் சொல் மத்திய அதிகாரியுடையது.

நம் ஊர் ஆய்வுக் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தாள்தான். ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு துறையும் தான் செய்ததைச் சொல்லும், தேநீர் வரும், ‘பணிகள் முடுக்கிவிடப்பட்டன’ என்று செய்திக்குறிப்பு வரும். நாளை காலை ஆறு மணிக்கு நெட்டுக்குப்பத்தில் யார் நிற்பார் என்பதற்கு அந்தக் கூட்டத்தில் பதில் இருக்காது.

அதற்காக அமெரிக்க முறை குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. 2010இல் மெக்சிகோ வளைகுடாக் கசிவின்போது அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் அட்மிரல் தாட் ஆலன் தேசிய அளவில் பொறுப்பேற்றார். உச்சத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஆனாலும் லூசியானா மாநில ஆளுநர் பாபி ஜிண்டால் கடலோரம் மணல் மேடு எழுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நிபுணர்கள் பயனில்லை என்றார்கள். அரசியல் அழுத்தத்தில் அனுமதி கிடைத்தது. சுமார் 22 கோடி டாலர் செலவான அந்த மேடு தடுத்த எண்ணெய் ஏறக்குறைய ஆயிரம் பீப்பாய்தான் என்று பிறகு அதிபர் நியமித்த ஆணையம் எழுதியது. மிதவை அரணை எந்த ஊருக்கு எத்தனை அடி என்று உள்ளூர்த் தலைவர்கள் சண்டை போட்டதும் அதே அறிக்கையில் இருக்கிறது. கட்சிக்காரர் நெருக்குவது எல்லா ஊரிலும் உண்டு.

அங்கே ஒன்றை நன்றாகச் செய்தார்கள். தொழில் நின்றுபோன மீனவர்களின் படகுகளை நாள் வாடகைக்கு எடுத்து, பயிற்சி கொடுத்து, பூம் இழுக்க அனுப்பினார்கள். எண்ணூரிலும் மீனவர் அள்ளினார்; வித்தியாசம், கசிவு நடந்த பிறகு அவசரத்தில் கூப்பிட்டோம். காட்டுக்குப்பத்துக்காரருக்கு எந்த ஓதத்தில் எந்த மடையில் தண்ணீர் திரும்பும் என்று எந்த அதிகாரியைவிடவும் நன்றாகத் தெரியும். படகுகளின் பட்டியல், கூலி, பயிற்சி, கையுறை எல்லாம் முன்பே முடிவாகி இருந்தால் அவர்தான் முதல் படை.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் துறைகள் தயங்குவதற்கு ஒரு காரணம் செலவு யார் தலையில் விடியும் என்ற பயம். எண்ணெய்க் கப்பல் என்றால் சர்வதேச உடன்படிக்கைப்படி கப்பல் உரிமையாளர் பொறுப்பு, தப்பு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை, காப்பீடு கட்டாயம். அது போதாவிட்டால் சர்வதேச இழப்பீட்டு நிதி இருக்கிறது, இந்தியா அதில் உறுப்பினர். ஆனால் காப்பீட்டின் சர்வேயர் கேட்பது கணக்கு: எந்தத் தேதி, எந்தக் கரை, எத்தனை ஆள், எத்தனை மணி, எத்தனை டிரம். அன்றன்றைக்கு எழுதி வைக்காத செலவு திரும்பி வராது. கரையிலுள்ள ஆலையிலிருந்து வந்தால் இந்த உடன்படிக்கைகள் எதுவும் பொருந்தாது. சுற்றுச்சூழல் சட்டங்கள், பசுமைத் தீர்ப்பாயம் என்று நீண்ட வழி.

மக்களின் இழப்புக்கும் இதே கதிதான். படகுப் பதிவு, மீனவர் சங்க அட்டை இருப்பவர் பட்டியலில் வருவார். மீனைக் கூடையில் சுமந்து விற்கிற பெண்கள், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள், வலை பின்னுகிறவர்கள் ஆகியோரிடம் என்ன ரசீது இருக்கும்? கசிவுக்கு முன்பே இவர்களை எண்ணி வைத்திருந்தால்தான் கசிவுக்குப் பிறகு சேர்க்க முடியும்.

மாநில எல்லையும் எண்ணெய்க்குப் பொருட்டில்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. தொட்டிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. கடலோரக் காவல் படை அதை முதல் மணிகளிலேயே கையில் எடுத்தது. எண்ணெய் கரையை மூடிய கதை அங்கே நடக்கவில்லை. ஆனால் கண்டெய்னரிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையில் ஒதுங்கி, கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் வந்தன. கேரளம் 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. குமரிக் கரையில் குனிந்து பிளாஸ்டிக் மணி பொறுக்கிய வேலை தமிழ்நாட்டின் கணக்கில்.

என் கருத்து கேட்டால், எண்ணூருக்கு உடனே வேண்டியது மூன்று. ஆலை, ஆறு, கடல் மூன்றையும் ஒரே தாளில் சேர்த்த ஓர் உள்ளூர்த் திட்டம். அதில் பதவிப் பெயரோடு ஒரே ஒரு தலைமை அதிகாரி. முகத்துவாரத்தில் பூட்டிய கிடங்கில் பூம், கையுறை, டிரம். அந்தக் கிடங்கின் சாவி ஒன்று மீனவர் சங்கத்திடமும் இருக்க வேண்டும். கடலோரக் காவல் படை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேசிய அளவில் ஒத்திகை நடத்துகிறது. கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் பார்க்க நன்றாக இருக்கும். பக்கிங்காம் கால்வாயில், மணலி ஆலைகளையும் நீர்வளத் துறையையும் குப்பத்துப் படகுகளையும் வைத்து, மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் ஓர் ஒத்திகை நடந்தால் அது இன்னும் பயன்படும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ கரையில் கருங்கட்டியோ கண்டால் நேரம், இடம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் படையின் எண் 1554. மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டுக்கும் சொல்லுங்கள், ஒருவர் மற்றவருக்குச் சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள். வலையையும் படகையும் கழுவுவதற்கு முன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நிவாரணக் கணக்கெடுப்பில் அது உதவும். அள்ளப் போவதாக இருந்தால் கையுறை, முகமூடி, கால் மூடும் காலணி கொடுத்த பிறகு போங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.